பெரிம்மா, இத்தக் கொஞ்சம் புடி

அவர் யாரையாவது அடிக்கப் போகிறார் என்றால் முதலில் வாட்சைக் கழட்டுவார். மீசையை முறுக்குவது, சட்டைக் கையை மடிப்பது, சத்தம் போடுவது ஒன்றும் கிடையாது. இடது மணிக்கட்டில் ஸ்டீல் பட்டை போட்ட வாட்ச். கொக்கியை நெம்பினால் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் டீக்கடையில் ஆற்றுகிற டீ கூட அந்தரத்தில் நிற்கும்.

கழட்டின வாட்சைக் கீழே வைக்க மாட்டார். பாக்கெட்டில் போட மாட்டார். யார் கையிலாவது கொடுப்பார். அது பெரும்பாலும் என் கைதான்.

"பெரிம்மா, இத்தக் கொஞ்சம் புடி."

நான் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் புங்கமரத்தடியில் பூ விற்கிறவள். பக்கத்தில் டீக்கடை. எதிரே இஸ்திரி வண்டி. மற்ற பூக்காரிகள் மல்லி மல்லி என்று கூவி ரயிலுக்கு ஓடுகிறவர்களையே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது வராது. சின்ன வயசிலிருந்தே நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அஞ்சாங் கிளாசோடு நான் நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் பாதி, எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னது பாதி. பூவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வேண்டியவர்கள் வந்து வாங்குவார்கள். அதனால்தான் என்னிடம் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கை இருக்கிறது, வாய் இல்லை.

முதல் தடவை கொடுத்தபோது பூக்கூடையில் ஈரத்துணி மேலே வைத்துவிட்டேன். வேலையை முடித்துவிட்டு வந்தவர், பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் கை கழுவிக்கொண்டு கூடையைப் பார்த்தார்.

"இன்னா பெரிம்மா, ஈரத்துல வெச்சிகீறே? வாட்ச்சு அது, மல்லிப்பூ இல்ல. மாமனார் போட்டது. உள்ளாறத் தண்ணி பூந்துச்சின்னா அந்தாளு மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

அந்தப் பக்கம் ஒருத்தன் சுவரில் சாய்ந்து வாயிலிருந்து ஒழுகுகிற ரத்தத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருக்கிறான். பல் ஒன்று கையிலேயே கிடக்கிறது. இவர் துண்டால் வாட்சைத் துடைத்துத் துடைத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார்.

அதற்கப்புறம் நான் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வேன். அது அவர் உடம்புச் சூட்டோடு இருக்கும். திரும்பி வந்ததும் அவர் இடது கையை நீட்டுவார், உள்ளங்கை மேலே பார்த்தபடி. நான் மணிக்கட்டில் வாட்சை வைப்பேன். வலது கையால் கொக்கியைப் போட்டுக்கொண்டு, "மணி இன்னா ஆச்சு... அய்யய்யோ" என்று என்னவோ வேலை கெட்டுப்போன மாதிரி கிளம்பிப் போவார்.

அவருக்கு என்ன தொழில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மனை வாங்கி விற்கிறார் என்பார்கள், மணல் லாரி என்பார்கள். எலெக்‌ஷன் வந்தால் யாருக்காவது வேலை பார்ப்பார். மற்ற நாளில் தெருப் பஞ்சாயத்து. வாடகை கொடுக்காதவன், வேலியைத் தள்ளிப் போட்டவன், காலேஜுக்குப் போகிற பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தவன் எல்லாரையும் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேஸ் கொடுத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் ஆயுசுக்கும் நிற்பதைவிட, அண்ணாத்தேகிட்டச் சொன்னா ஒரு டீ குடிக்கிற நேரம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சொன்னவர்களில் போலீஸ்காரர் வீட்டு அம்மா ஒருத்தியும் உண்டு.

அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்ட்டியா?"

வெறும் வயிற்றோடு இருக்கிறவனை அடித்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவானாம், அப்புறம் எதற்கு அடித்தோம் என்பது அவனுக்கு மனதில் நிற்காதாம். சாப்பிடவில்லை என்று சொன்னால் டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். ஒரு தடவை ஒருத்தன் தப்பிக்கிற எண்ணத்தில் பன்னுக்கு மேல் பன்னாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். இவர் பொறுமையாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் தொண்டை அடைத்து அழ ஆரம்பித்தான். "மெதுவா மெதுவா, தண்ணி குடி" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அப்புறம்தான் டிக். அவன் தின்றதெல்லாம் ரோட்டில் வந்துவிட்டது. டீ மாஸ்டர் அதன் மேல் சாம்பலைப் போட்டார்.

அவருக்கு ஒரே மகள். தினம் அதற்கு ரெண்டு முழம் மல்லி வாங்குவார். பேரம் பேச மாட்டார். ஆனால் என் கையால் அளந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"உன் முழம் கோழிக்கால் மாறி கீது பெரிம்மா. எங் கையால அள."

முழங்கையை என் கூடை மேலே ஊன்றிக் கையை நீட்டுவார். நீளமான கை. நான் சரத்தைப் பிடித்து முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து அளப்பேன். விரல் முட்டியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். மல்லி மொட்டு அதன் மேலே வெள்ளை வெளேரென்று கிடக்கும். அந்த ஒரு நேரம்தான் அவர் கையை நான் பயமில்லாமல் பார்த்திருக்கிறேன்.

என் மகளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். மருமகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அப்போது குடி உண்டு. குடித்தால் மகளின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இடிப்பான். ஸ்டேஷனுக்குப் போனோம், கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பினார்கள். சமாதானம் பேசின அன்றைக்கு அடி இன்னும் கூடுதலாக விழுந்தது. ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ஒரு கண் மூடிக் கிடந்தது. அவர் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை.

சாயங்காலம் மருமகன் ரயிலை விட்டு இறங்கி வந்தான். சாப்ட்டியா என்று கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது, ஓடப் பார்த்தான். டிக். வாட்ச் என் கைக்கு வந்தது. அன்றைக்கு அடித்தது விரிந்த கையால், ஒரே பக்கம், இடது காது மேலே. திரும்பத் திரும்ப அதே இடம். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. என் மகள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவன் குடிக்கவுமில்லை, கை ஓங்கவுமில்லை. இடது காது கேட்காமல் போய்விட்டது. பேசுகிறவர்கள் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொள்வான். "அந்த அண்ணன் கை வெச்சதாலதாம்மா நான் உயிரோட கீறேன்" என்று மகள் சொல்வாள். கோயிலுக்குப் போனால் அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்வாள்.

அதற்கப்புறம் வந்த எலெக்‌ஷனில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போனேன். உள்ளே போனால், ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஒருத்தன், "ஆயா, உன் ஓட்டு போட்டாச்சு, போ போ" என்றான். நான் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். எதிர் இஸ்திரி வண்டிக்காரர் வீட்டிலும் அதே கதைதான், ஆனால் அவர் பேசாமல் வருகிறவர் இல்லை. வாசலில் நின்று கத்தினார்.

"எம் பொண்டாட்டி பேர்ல மீச வெச்சவன் எவன்டா வந்தான்? முன்னாடி வாடா, ஊட்டுக்கு இட்டுகினு போயி சோறாக்கச் சொல்றேன்!"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஓட்டையெல்லாம் போட்டது அண்ணாத்தே ஆட்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உனக்கு எதுக்குப் பெரிம்மா வெய்யில்ல அலைச்சல்? நாங்களே போட்டுட்டோம். மை வேணும்னா சொல்லு, வெச்சி உட சொல்றேன்."

அதே நேரம் எதிர்க் கட்சியும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கள்ள ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேரை இவருடைய ஆட்கள் பிடித்துப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் இழுத்து வந்தார்கள். சாப்ட்டியா. டிக். அவர்களைத் தரையில் உட்கார வைத்து, மை வைத்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். விரல் ஒடிகிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. மை படாத விரல்களால் வாட்சை மூடிப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

அடுத்து வார்டு எலெக்‌ஷன் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது அவர் டீக்கடையில் சொன்னார். "இத்தினி நாளு அடுத்தவனுக்குப் போட்டுக் குடுத்தாச்சு. இந்த தபா நானே நிக்கப் போறேன். எவனும் எதுத்து நிக்க மாட்டான்."

எதிர்ப் பக்கத்திலிருந்து இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு ஊதிக்கொண்டே, "நான் நிக்கறேன் அண்ணாத்தே. ஒத்த ஆளு ஓடினா அது ரேஸா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். மறுநாளே வண்டியில் ஒரு அட்டை தொங்கியது. உங்கள் வேட்பாளர் என்று கரியால் எழுதி, பக்கத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி படம் போட்டிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அண்ணாத்தே வந்தார். வண்டியருகே போய் நின்றார். இஸ்திரிக்காரர் பள்ளிக்கூட யூனிபாரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியாதா? கை ஒரு நொடி நின்றது. பிறகு தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல அண்ணாத்தே. நீ ஜெயிச்சா பிரியாணி போடுவியே, அதுக்குத்தான் வயித்தக் காலியா வெச்சிகினு கீறேன்."

டீக்கடையில் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரித்தார், பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது. அவர் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். அடுத்தவர் அழுவது அவருக்குப் பழக்கம், கெஞ்சுவது பழக்கம். அவர் எதிரே யாரும் சிரித்ததில்லை.

டிக். நேராக என்னிடம் வந்தார். "பெரிம்மா, இத்தக் கொஞ்சம் புடி."

முதல் அடியில் இஸ்திரிக்காரர் வண்டிச் சக்கரத்தில் போய் விழுந்தார். புருவம் கிழிந்தது. எழுந்தார். இன்னொரு அடி. மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. "நிக்க மாட்டேன்னு இவங்க முன்னாடி சொல்லு" என்றார் அவர். இஸ்திரிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பல்லெல்லாம் ரத்தமாக, சிரித்தார்.

"பிரியாணி... கோழியா, ஆடாண்ணா?"

இத்தனை வருஷத்தில் அவர் கையைத் தவிர வேறு எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். கரி நிறைந்து கனன்றுகொண்டிருந்த பெட்டி. தலையில் இறக்கினார். மறுபடியும் இறக்கினார். மூடி திறந்துகொண்டு நெருப்பு எல்லாம் இஸ்திரிக்காரர் மார்பிலும் அந்த யூனிபாரம் மேலும் கொட்டியது. துணி கருகுகிற வாசனையும் வேறு ஒரு வாசனையும் வந்தது. கீழே கிடந்தவர் கால் ரெண்டும் ரோட்டை உதைத்துக்கொண்டே இருந்தது, அப்புறம் ஒரு கால் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. டீ மாஸ்டர் பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். புகை எழும்பியது. ரத்தமும் கரித் தண்ணீரும் ரோட்டைக் கடந்து வந்து என் கூடையைத் தொட்டது.

அவர் பெட்டியைப் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். என் பக்கம் பார்க்கவேயில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கை கழுவவில்லை, மணி கேட்கவில்லை. வாட்ச் என் கையில் இருந்தது.

போலீஸ் வந்து ஒவ்வொருவராகக் கேட்டது. மாஸ்டர், "பால் பொங்கினு இருந்துச்சி சார், அத்தத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றார். பெஞ்சில் இருந்தவன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தானாம். இன்னொருத்தன் அப்போதுதான் வந்தானாம். இன்ஸ்பெக்டர் என் எதிரே வந்து நின்று, "நீ என்னம்மா பாத்த?" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. சுற்றி இருந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதுவரைக்கும் மூடின கையை நான் திறக்கவேயில்லை, நகம் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. பேச முடியாததால் கையைத் திறந்து காட்டினேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் நான் சாட்சியானேன்.

அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். எலெக்‌ஷன் தள்ளிப்போனது. பிறகு பெயிலில் வந்தார். சாட்சிகளின் கிட்டே போகக்கூடாது என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்களாம். நேராகப் பூ வாங்க வந்தார். எப்போதும் போல முழங்கையைக் கூடை மேலே ஊன்றினார்.

"ரெண்டு முழம். எங் கையால அள."

அளந்தேன். சரத்திலிருந்து பூ உதிர்ந்தது. மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வளையம் போட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பாத்தியா பெரிம்மா? அந்த எடம் மட்டும் வெள்ளையா கீது. உன்ன நம்பிக் குடுத்தேன். நீ யார்கிட்டயோ குடுத்துட்டியே."

கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷனைக் கொன்றவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் பொருளைப் பத்திரமாக வைக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன். அவர் அப்படிப்பட்டவர்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் புதுச் சட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சட்டசபைக்கு மசோதா வரப்போகிறது, பெரிய குற்றத்துக்குக் கேஸ் நடக்கிறவர்கள் அதிலிருந்து விடுதலை ஆகாமல் வார்டு எலெக்‌ஷனில் நிற்க முடியாது, சாட்சி சொல்கிறவர்கள் பேரை மறைத்து, திரைக்குப் பின்னாலிருந்து பேச விடுவார்கள் என்று சொன்னார்கள். டீக்கடையில் அதே பேச்சு.

"கேசு இருந்தா நிக்க முடியாதாம்ல."

"அப்புறம் யாரு மாமே நிப்பா? டெபாசிட்டு கட்டவே ஆளு வராது."

"சாட்சிக்குத் தெர போடுவாங்களாமே?"

"இன்னா, தெருக்கூத்துல போடற மாறியா? உள்ளாறேருந்து பாட்டுப் பாடிகினு வருவாங்களா?"

அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நல்ல சட்டம். வரட்டும்" என்றார். "வர்றதுக்குள்ள என் கேசு முடிஞ்சிடும். சாட்சி இல்லாத கேசு எத்தினி நாளு ஓடும்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார்.

எனக்கு அந்தத் திரை வேண்டியிருந்தது. எனக்காகவே யாரோ யோசித்து எழுதின மாதிரி இருந்தது. மனுஷ முகம் எதுவும் தெரியாமல், துணியைப் பார்த்துப் பேசுவது என்றால் நான் பேசிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு வந்தார். மணிக்கட்டில் புது வாட்ச், தங்க நிறத்தில். நான் வாசலில் நார் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"மருமவன் கீறாரா?"

மருமகன் பல் விளக்கிக்கொண்டே வந்தான். "சாப்ட்டியா?" என்றார். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வலது காதை அவர் பக்கம் திருப்பி, "இன்னாண்ணா?" என்றான்.

டிக்.

"பெரிம்மா, இத்தக் கொஞ்சம் புடி."

என் கை நீண்டது. நான் நீட்டவில்லை, அதுவே போனது. எனக்குப் புத்தி வருவதற்குள் வாட்ச் என் உள்ளங்கையில் இருந்தது. புது வாட்ச் கனமாக இருந்தது.

அவர் அவனுடைய வலது காதில் அடித்தார். விரிந்த கை, திரும்பத் திரும்ப அதே இடம். மருமகன் கத்தவில்லை, வாயிலிருந்து பேஸ்ட் நுரை சிவப்பாக வழிந்தது. மகள் சட்டுவத்தோடு ஓடி வந்தாள், அவர் ஒரு கையால் தள்ளினார், அவள் தண்ணீர் டிரம்மில் போய் மோதி விழுந்தாள். பிறகு அந்த டிரம்மிலேயே தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டு இடது கையை என் முன்னால் நீட்டினார். நான் வாட்சை வைத்தேன்.

"மணி இன்னா ஆச்சு..." கொக்கியைப் போட்டுக்கொண்டார். "கோர்ட்டு அன்னிக்கி உனக்கு ஜுரம் வரும் பெரிம்மா. போத்திகினு படுத்துக்கோ. நீ போனா, அடுத்த தபா உம் பொண்ணுதான்."

அவர் போன பிறகு மகள் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், என்ன சொல்கிறாள் என்று தெரியாமல்.

"அன்னிக்கி அந்த அடியப் பாத்து எனக்குக் குளுந்துச்சிம்மா," என்றாள். "இதுவும் அதே அடிதான்."

அரசாங்க வக்கீலம்மாவிடம் போனோம். நல்ல பெண். மசோதா இன்னும் சட்டமாகவில்லை, அது வருகிற வரைக்கும் என் சாட்சியைத் தள்ளிப் போடக் கேட்டுப் பார்க்கலாம், அப்போது திரைக்குப் பின்னால் நின்று சொல்லலாம், கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். அதற்குள் எலெக்‌ஷன் வந்தால் அவர் நிற்பார். எதிர்த்து நிற்க யாரும் இல்லை.

நான் அந்தத் திரையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன், "வாட்சைப் புடிச்சிகினு நின்னது யாருன்னு தெருவுல கொழந்தைக்குக்கூடத் தெரியும்மா. தெர போட்டு யாரை மறைக்கிறது?"

கோர்ட்டு அன்றைக்கு நான் போத்திக்கொண்டு படுக்கவில்லை. பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போகிறபோது தன் தலையில் இருந்த பூவை எடுத்துவிட்டாள். கோர்ட்டு வாசலில் இஸ்திரிக்காரர் மனைவி நின்றிருந்தாள். வண்டியை இப்போது அவள்தான் தள்ளுகிறாள். என்னைப் பார்த்தாள்.

எனக்கு முன்னால் கூண்டில் ஏறினவர் டீ மாஸ்டர். பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சில் இருந்தவன் செல்போனிலிருந்து இன்னும் தலையைத் தூக்கவில்லை. அவர்கள் இறங்கிப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்கள் வீட்டுக்கும் போய் அவர் சாப்ட்டியா என்று கேட்டிருப்பார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். எத்தனை முகம் அங்கே. நாக்கு போய் மேலே ஒட்டிக்கொண்டது. வக்கீலம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். தலையைத்தான் ஆட்டினேன், தலையாட்டினால் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். அவருடைய வக்கீல் எழுந்தார்.

"இந்த வாட்ச் போலீஸ் கொடுத்து உங்க கையில வெச்சதுதானே? இந்த மாதிரி வாட்ச் ஊர்ல எத்தனை பேர் கட்டுறாங்க? இது இவருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கம்மா. ஏன், பேச வராதா?"

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ், "அந்தப் பொருளை அவங்ககிட்டக் கொடுங்க" என்றார். உறையைப் பிரித்து வாட்சை என் கையில் வைத்தார்கள். ஜில்லென்று இருந்தது. பட்டையின் இடுக்கில் அவர் கை முடி ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருடையதும்மா?" என்றார் ஜட்ஜ்.

திரும்பினேன். கம்பிக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில் அவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாகச் சவரம் பண்ணின முகம். அன்றைக்கு வீட்டு வாசலில் என் கை போன மாதிரி அவர் கையும் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று பிறகு மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வாய் வரவில்லை, கை இருந்தது. எப்போதும் கொடுக்கிற மாதிரி வாட்சை நீட்டினேன்.

"தம்பி, இந்தா."

அவருடைய இடது கை கம்பியைத் தாண்டி வந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, மணிக்கட்டை என் பக்கம் கொடுத்து. அதில் ஏற்கெனவே தங்க நிற வாட்ச் கட்டியிருந்தது.

அவருடைய வக்கீல், "கையை எடு, கையை எடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது மட்டும் கேட்டது. அவர் எடுக்கவில்லை. நீட்டின கையை யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பெரிம்மா" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் எனக்கு நாக்கு பிரிந்தது. இஸ்திரிக்காரர் கடைசியாகக் கேட்ட கேள்வி வரைக்கும் எல்லாம் சொன்னேன். நான் சொன்னதை ஜட்ஜ் திருப்பிச் சொல்லச் சொல்ல ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வந்து, இப்போது அவர் உள்ளே இருக்கிறார். மசோதா மசோதாவாகவே இருக்கிறது, எலெக்‌ஷனும் வரவில்லை. மருமகன் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டான். தெருவில் வாடகை கொடுக்காதவனும் துப்பட்டாவை இழுக்கிறவனும் இருக்கத்தான் இருக்கிறார்கள். அண்ணாத்தே இருந்திருந்தால் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். என்னிடம் பூ வாங்காமல் தாண்டிப் போகிறவர்களும் உண்டு.

போன வாரம் ஒரு பெண் வந்து கூடைக்கு முன்னால் நின்றது. காலேஜ் பை மாட்டியிருந்தது. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருடைய அதே நெற்றி.

"ரெண்டு முழம் மல்லி," என்றது.

சரத்தை எடுத்து என் கையால் ரெண்டு முழம் அளந்தேன். நாரை அறுக்கப் போனேன். பிறகு, அவர் கை எவ்வளவு நீளம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவு நீளத்துக்கு இன்னும் கொஞ்சம் விட்டு அறுத்தேன்.